கூட்டாத முற்றங்கள்

சிவசுப்பிரமணியத்தின் கடையில் பாண் வாங்கினால் பாணோடு ஒரு கேள்வியும் இலவசமாகக் கிடைக்கும்.

“என்ன பிள்ளை, இன்னும் போகேல்லையோ?”

எங்கே என்று அவர் சொல்லமாட்டார். சொல்லத் தேவையுமில்லை. மட்டுவில் பக்கத்தில் சந்தைக்கோ கோயிலுக்கோ போவதென்றால் இடத்தின் பெயரைச் சொல்லவேண்டும். இடம் சொல்லாமல், போய்விட்டான் என்பதைச் சுருக்கி ‘போட்டான்’, ‘போட்டா’, ‘போட்டினம்’ என்றால் அது வெளிநாடு. இடம் சொல்லாமல் போகிற இன்னொரு இடமும் இருக்கிறது. அதைச் சொல்லும்போது மட்டும் சனம் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்ளும்.

உதயகலா அந்தக் கேள்விக்கு ஒரு சிரிப்பைக் கொடுத்துவிட்டு, பாணை ஸ்கூட்டியின் கூடைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிடுவாள். வேறென்ன செய்வது? போன வருஷம் நெதர்லாந்தில் ஆய்வு வேலை கிடைத்துவிட்டது என்று ஊர் முழுக்கச் சொன்னவள் அவள்தானே. கோயிலில் அர்ச்சனை செய்தாள், குளிருக்கு இரண்டு ஜம்பர் வாங்கினாள், சொந்தக்காரர் வீடுகளில் விருந்தும் சாப்பிட்டு முடித்தாள். பிறகு அந்தத் திட்டத்துக்கு வந்துகொண்டிருந்த நிதி நின்றது, வேலையும் அதோடு போயிற்று. நிதி, திட்டம் என்பதையெல்லாம் ஊருக்கு விளங்கப்படுத்த முடியுமா? ‘வேண்டாமெண்டிட்டாங்களாம்’ என்று ஒரே சொல்லில் ஊர் அந்தக் கதையை முடித்துவிட்டது.

அவள் படித்தது வானத்திலிருந்து எடுத்த செய்மதிப் படங்களை வைத்துக்கொண்டு காடு எங்கே அழிகிறது, எங்கே வளர்கிறது என்று கண்டுபிடிக்கும் படிப்பு. அதில் கலாநிதிப் பட்டமும் எடுத்தாயிற்று. பல்கலைக்கழகத்தில் கிடைத்த தற்காலிக விரிவுரையாளர் வேலை மார்கழியோடு முடிந்துபோனது. அப்பா இறந்து கனகாலம். அம்மா போய் இரண்டு வருஷம். லண்டனில் இருக்கிற அண்ணை ஞாயிற்றுக்கிழமைகளில் வட்ஸ்அப்பில் முகம் காட்டுவான், பிள்ளைகள் கூப்பிட்டதும் எழும்பிப் போய்விடுவான். மாவும் பலாவும் தென்னையும் சூழ்ந்த அந்தப் பெரிய வீட்டில் அவள் தனி. தேத்தண்ணி குடித்த கோப்பையைக் கழுவி வைத்தால் அடுத்த முறையும் அதே கோப்பைதான் கைக்கு வரும். அலுமாரியில் மற்றக் கோப்பைகளில் தூசி படிந்திருந்தது.

இந்த நிலையில்தான் பின்லாந்து வேலைக்கு விண்ணப்ப அழைப்பு வந்தது. அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் காடு மாறுவதைச் செய்மதியால் அளக்கும் குழு ஒன்றுக்கு, கலாநிதிப் பட்டம் முடித்த ஒருவர் இரண்டு வருஷத்துக்குத் தேவை. அவள் விண்ணப்பித்தாள். இந்த முறை ஒருவருக்கும் மூச்சு விடவில்லை, அண்ணைக்குக்கூட. நேர்முகத்துக்குத் தெரிவாகிவிட்டதாக மின்னஞ்சல் வந்த அன்று, கையில் போனோடு எழும்பிக் குசினி வரைக்கும் போனாள். யாருக்குச் சொல்லப் போனோம் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கே நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள்.

தெரிந்த ஓர் இடத்தில் காடு எப்படி மாறுகிறது என்று பத்து நிமிஷம் பேசவேண்டும், அதுதான் நேர்முகம். வன்னிக் காட்டைப் பற்றி அவளுக்குத் தூக்கத்திலும் பேச முடியும். ஆனால் அவள் கண் தன் ஊரிலேயே நின்றது. உலகம் முழுவதற்குமாகச் செய்த ஒரு வரைபடத்தில், அவள் ஊர் இருக்கிற தென்மராட்சியில் காடு பெருகுகிறது என்று பச்சைப் புள்ளிகள் தூவிக் கிடந்தன. காடா? இங்கேயா? சாவகச்சேரி பஸ்ஸில் நிற்க இடமில்லை, பலாப்பழம் வாங்கச் சனம் முண்டியடிக்கிறது, இதற்குள் எங்கேயிருந்து காடு வந்தது?

பழைய படங்களையும் புதிய படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மேலேயிருந்து பார்த்தால் இந்தப் பக்கத்து வீடுகள் தெரியாது. கூரையை மாமரம் மூடிவிடும், மதிலைத் தென்னை மறைத்துவிடும். தெரிவது ஒன்றே ஒன்றுதான், முன்முற்றம். விடிய எழும்பி விளக்குமாற்றால் கூட்டிக் கூட்டி, ஒரு புல்லுக்கும் இடம் வைக்காத வெள்ளை மணல் முற்றம். பச்சைக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தால் அங்கே ஒரு வீடு. எங்கேயோ வானத்தில் சுற்றுகிற செய்மதிக்கு, அவளுடைய அம்மாவின் முதுகு நோவு ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்திருக்கிறது.

வீட்டைப் பூட்டிக்கொண்டு போனால் முதல் மழைக்கே முற்றத்தில் புல் எழும்பும். அடுத்த வருஷம் நாயுருவியும் எருக்கலையும் வரும். பிறகு வேப்பங்கன்று தன் பாட்டில் மரமாகும். வெள்ளைப் புள்ளி பச்சைக்குள் போய்விடும், அதைப் பார்த்துவிட்டு வரைபடக்காரன் காடு பெருகிவிட்டது என்று சந்தோஷப்படுவான். அது காடு இல்லையப்பா, சனம் போட்டுது என்று அவனுக்கு யார் சொல்வது?

இதையே பேசுவது என்று அவள் முடிவு செய்தாள். ஸ்கூட்டியில் போய்ப் பச்சையான வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் படமெடுத்தாள். எல்லாம் பூட்டு. ஒரு வளவில் சின்னப் பிள்ளையின் மூன்று சில்லுச் சைக்கிளுக்குள்ளால் புல் எழும்பி நின்றது. இன்னொரு வீட்டுக் கேற்றில் கலியாண வீட்டுக்குக் கட்டிய சோடனைக் காகிதம் வெளுத்துப்போய் ஆடிக்கொண்டிருந்தது. அவள் கணிப்பு ஓரிடத்திலும் பிழையாகவில்லை. சந்தோஷப்படவேண்டிய விஷயம்தான். ஆனால் ஒவ்வொரு பூட்டையும் பார்த்துவிட்டு ஸ்கூட்டியை மெதுவாகத்தான் திருப்பினாள்.

ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் அவள் போகவில்லை. அது அவளுடைய ஒழுங்கையின் முடிவிலேயே இருந்த குணலட்சுமி மாமியின் வீடு. சங்கக்கடையில் மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். புருஷன் இல்லை, ஒரே மகன் நிருஷன் கனடாவில். ஆவணி மாதம் ஒழுங்கை முழுவதையும் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுத்து, கோழிகளைச் சிவசுப்பிரமணியத்துக்கும் தையல் மெசினை உதயகலாவுக்கும் கொடுத்துவிட்டுப் புறப்பட்டவர். “அவ போட்டா,” என்று சிவசுப்பிரமணியமும் கடையில் வந்துபோகிற எல்லோருக்கும் அறிவித்துவிட்டார். மாரி மழையோடு அந்த முற்றமும் பச்சைக்குள் போயிருந்தது. இதற்குப் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது என்று, பார்த்த வீடுகளோடு அதையும் சேர்த்துவிட்டாள்.

நேர்முகத்துக்கு முதல் நாள் மத்தியானம், படங்களை அடுக்கும்போது அந்த ஒரு படம்தான் குறைந்தது. நாலு வீடு தள்ளித்தானே என்று நடந்தே போனாள். கேற்றில் பெரிய ஆமைப்பூட்டு. உள்ளே முழங்கால் உயரத்துக்குப் புல். போனை உயர்த்திப் படமெடுக்கிற நேரம் பார்த்துத் தும்மல் வந்தது. ஒன்றோடு நிற்கவில்லை, அடுக்கடுக்காக வந்தது. கண்ணும் எரிந்தது. செத்தல் மிளகாய் வறுக்கிற நெடி!

பூட்டின வீட்டுக்குள் மிளகாய் தானாக வறுபடுமா?

பின் ஒழுங்கையால் சுற்றிப் போனாள். கோடிப்பக்கத்துச் சின்னப் படலை சும்மா சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனவள் அப்படியே நின்றுவிட்டாள். பெரிய கறுத்தக்கொழும்பு மாமரத்தின் கீழ், வானத்துக்குத் தெரியாத அந்த நிழலில், பின்வளவு பளிச்சென்று கூட்டியிருந்தது. மணலில் விளக்குமாற்றின் கோடுகள் இன்னும் கலையவில்லை.

“ஆரது?”

“நான் கலா.”

குசினிக் கதவு ஒரு சாண் திறந்தது. கனடாவில் இருக்கவேண்டிய குணம் மாமி கையில் அகப்பையோடு நின்றார். ஆள் பாதியாகிப் போயிருந்தார்.

“முன்னாலை ஆரும் கண்டவையோ?”

“இல்லை மாமி. நீங்கள்... எப்ப வந்தனீங்கள்?”

“போனாத்தானே வாறதுக்கு. உள்ளுக்கு வா. சத்தம் போடாதை.”

குசினிக்குள் இருக்க ஒரு வாங்கு, ஒரு கோப்பை, ஒரு கோப்பைத்தட்டு. உதயகலாவுக்குத் தன் வீட்டுக்குள் வந்த மாதிரி இருந்தது.

“கடைத் தூள் எனக்குச் சரிவராது பிள்ளை. உந்த நெடிதான் ஒருநாளைக்கு என்னைக் காட்டிக்குடுக்குமெண்டு தெரியும். நாக்குக் கேக்குதே?” மாமி அடுப்பைத் தணித்தார். பிறகு, கேட்காமலே சொல்லத் தொடங்கினார். “கனடாவுக்குப் போகவெண்டு வெள்ளவத்தையிலை லொட்ஜிலை நிண்டனான். விசா, ரிக்கெற் எல்லாம் கையிலை. ஏற இன்னும் ரெண்டு நாள்தான். தம்பி நிருஷன் போன் எடுத்தான். ‘அம்மா, வீட்டிலை கொஞ்சம் பிரச்சினை, இப்ப வராதேங்கோ, பிறகு பாப்பம்’ எண்டான். அந்தப் பிறகு இன்னும் வரேல்லை.”

உதயகலா வாங்கின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“விசா குடுக்கேல்லையெண்டால் பரவாயில்லை, வெள்ளைக்காரன்ரை தலையிலை பழியைப் போட்டிட்டு இருக்கலாம். பெத்த பிள்ளை வரவேண்டாமெண்டிட்டான் எண்டு ஊருக்கு எப்பிடிச் சொல்லுறது? கோழியைத் திருப்பித் தா எண்டு சிவசுவிட்டைப் போய்க் கேக்கிறதோ?” மாமி சிரித்தார். சிரிப்பு சரியாக வரவில்லை. “அதுதான் போனது போனதாவே இருக்கட்டும் எண்டு விட்டிட்டன்.”

“சாப்பாட்டுச் சாமானுக்கு?”

“உங்கை சாவகச்சேரிச் சந்தைக்குப் போனால் பத்துப்பேர் பிடிச்சிடுவினம். புத்தூர்ப் பக்கத்தாலை போற பஸ்ஸிலை ஏறிச் சுன்னாகத்துக்குப் போறன். அங்கை என்னை ஆருக்குத் தெரியும்?” மாமி தாச்சியை இறக்கி வைத்தார். “இஞ்சை ரெண்டு பக்கத்து வளவும் பூட்டு. காட்டிக்குடுக்கவும் ஆளில்லை, கதைக்கவும் ஆளில்லை.”

“அப்ப முன்முற்றம்...”

“கூட்டினால் ஆள் இருக்கிறது தெரிஞ்சுபோமெல்லோ. பின்னுக்கு மட்டும் கூட்டுறன். கூட்டாமல் விட்டால் எனக்குத் தேத்தண்ணி இறங்காது.”

அப்போதுதான் உதயகலா தன் போனை எடுத்து அந்தச் செய்மதிப் படத்தைக் காட்டினாள். இது நம் ஒழுங்கை, இது என் வீட்டு முற்றம், இது உங்கள் வீடு என்று விரலால் பெரிதாக்கிக் காட்டினாள். ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்த நேர்முகத்தையும் சொன்னாள். சொல்லத் தொடங்கியதும் நிற்கவில்லை, நெதர்லாந்துக் கதை, ஜம்பர், பாண் கடைக் கேள்வி எல்லாம் வந்தன. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு இவ்வளவு பேசியதில் அவளுக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

மாமி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப மேலாலை பாத்தாலும் நான் இல்லையோ?”

“இல்லை மாமி. நீங்கள் போட்டியள் எண்டுதான் என்ரை கணக்கும் சொல்லுது.”

“நல்லதாப் போச்சு. செய்மதிக்கும் ஒளிச்சிட்டன்.” கொஞ்சம் பொறுத்து, “அதை மாத்தாதை. அப்பிடியே விடு,” என்றார். “நீயும் நாளையான் விஷயத்தை ஒருத்தருக்கும் சொல்லாதை. கிடைச்சாப் பிறகு பாப்பம். இஞ்சையும் அடிக்கடி வராதை, பின் ஒழுங்கையிலை தடம் விழுந்திடும்.”

போகும்போது, அரைத்த சூடு ஆறாத தூளில் ஒரு காகிதச் சரை கட்டிக் கையில் வைத்தார்.

மறுநாள் கணினித் திரையில் மூன்று பேர். தலைவி நரைத்த கட்டை மயிரோடு ஒரு பேராசிரியை. கலா நன்றாகவே பேசினாள். கூட்டிய முற்றத்தின் படத்தைக் காட்டியபோது அந்த அம்மா முன்னுக்குச் சரிந்து உட்கார்ந்தார். மற்ற இருவரும் எழுதிக்கொண்டார்கள். வேலை கைக்கு எட்டிவிட்டது போலிருந்தது.

“நேரில் போய்ப் பார்த்ததில் எல்லாமே சரியாக இருந்ததா?” என்று பேராசிரியை கேட்டார்.

ஓம் என்றால் முடிந்தது. மாமி கேட்டுக்கொண்டதும் அதைத்தான். அந்த ஒரு சொல்லில் மாமியின் மானமும் தன் வேலையும் சேர்ந்தே தப்பிவிடும். ஆனால் ஒரு கோப்பையும் ஒரு கோப்பைத்தட்டும் அவள் கண்ணுக்குள் வந்து நின்றன. குசினிக்குள் உயிரோடு ஒரு மனுசி மிளகாய் வறுத்துக்கொண்டிருக்கிறாள், அவளை இல்லை என்று எப்படிச் சொல்வது? அது தன்னையே இல்லை என்று சொல்வது போலல்லவா?

“ஒரு வீட்டில் கணிப்புப் பிழையாகிவிட்டது,” என்றாள். “அங்கே ஒருவர் இருக்கிறார். இருப்பது தெரியக்கூடாது என்பதற்காக முற்றம் கூட்டுவதில்லை.”

மாமி பிடிபடாமலிருக்க, வரைபடத்தில் அந்தப் புள்ளியை அவள் முதலே அழித்துவிட்டிருந்தாள். எந்த வீடென்று அவர்கள் கேட்கவுமில்லை. அதுவரை பேசாமலிருந்த மனிதர்தான் மெதுவாகக் கேட்டார்: “அப்படியானால் நீங்கள் அளப்பது ஆள் இருக்கிறார்களா என்பதையல்ல. கூட்டுகிறார்களா என்பதை மட்டும். இல்லையா?”

“ஓம்,” என்றாள், தமிழிலேயே வாயில் வந்துவிட்டது.

பங்குனியில் பதில் வந்தது. உங்கள் பேச்சு எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது என்று முதல் வரி. ஆனால் என்று இரண்டாவது வரி. மிக மரியாதையான பதில், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உதைக்கிற மாதிரி.

உதயகலா அழவில்லை. அழுதாலாவது நல்லாயிருந்திருக்கும். ஜம்பர்கள் இருந்த அலுமாரியைப் பூட்டினாள், போனை நிறுத்தினாள், படுத்தாள். அடுத்த நாள் முற்றம் கூட்டவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பங்குனி வெயிலுக்கு மாவும் பலாவும் சருகைக் கொட்டுகிற காலம், இரண்டே நாளில் மணல் தெரியாமல் போயிற்று. பாண் வாங்கவும் போகவில்லை. அந்தக் கேள்வியைக் காதில் வாங்க அவளுக்குத் தெம்பில்லை. இருந்த பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமையும் வந்து போனது, அண்ணை அழைத்திருப்பான் அல்லது அழைத்திருக்கமாட்டான். யாரும் கேற்றைத் தட்டவில்லை. ஒரு முழு ஊருக்குள் தான் இல்லாமல் போனது ஒருவருக்கும் தெரியவில்லை என்பதை நினைக்க நினைக்கப் பயமாக இருந்தது. எழும்பி ஒரு விளக்குமாற்றைத் தூக்குவதற்கு ஒரு காரணம் தேடினாள், கிடைக்கவில்லை.

பிறகு ஒரு காலை, சரக், சரக் என்று ஒரு சத்தம் அவளை எழுப்பியது. அரைத் தூக்கத்தில் அம்மா முற்றம் கூட்டுகிறா என்று நினைத்துப் புரண்டு படுத்தாள். பிறகுதான் அம்மா இல்லை என்பது நினைவுக்கு வந்தது. கதவைத் திறந்துகொண்டு ஓடினாள்.

முன் கேற் அகலத் திறந்து கிடந்தது. நல்ல வெயில். நடு முற்றத்தில், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, குணம் மாமி கூட்டிக்கொண்டிருந்தார். விளக்குமாறுகூட அவருடையதுதான்.

“மாமி! என்ன இது? ஆரும் காணப்போகினம்.”

“கண்டால் காணட்டும்.” மாமி நிமிரவில்லை. “சனம் எழும்பமுன்னம் பஸ்ஸுக்குப் போகேக்கை உன்ரை வேலிக்குள்ளாலை பாக்கிறனான். எத்தினை நாளாக் கூட்டாமல் கிடக்கு. போட்டாளோ எண்டு நினைச்சன்.”

“போறதெண்டால் உங்களுக்குச் சொல்லாமல் போவனோ? அது கிடைக்கேல்லை மாமி.”

மாமியின் கை நின்றது. “அந்தப் போறதைச் சொல்லேல்லை,” என்றார். குரல் தாழ்ந்திருந்தது. “ராத்திரி முழுக்கக் கண் மூடேல்லை. உன்னை வந்து பாக்கிறதெண்டால் முன்னாலைதான் வரவேணும், உன்ரை பின்படலை பூட்டு.”

உதயகலா படியிலேயே இருந்துவிட்டாள். அந்த மின்னஞ்சலுக்கு வராத அழுகை எல்லாம் அப்போது வந்தது. மாமி ஆறுதல் சொல்லவில்லை, பக்கத்தில் வரவுமில்லை. அவள் அழுது முடியும்வரை கூட்டிக்கொண்டே இருந்தார். மணல் துண்டு துண்டாக வெளிக்கத் தொடங்கியது.

ஒழுங்கையில் ஒரு சைக்கிள் வந்து பிரேக் அடித்து நின்றது. சிவசுப்பிரமணியம். பின் கரியரில் பாண் பெட்டி. அவர் கேற்றுக்குள்ளால் மாமியைப் பார்த்தார், கலாவைப் பார்த்தார், திரும்பவும் மாமியைப் பார்த்தார். அவருடைய அந்தக் கேள்வி முதல் முறையாக எங்கேயோ சிக்கிக்கொண்டது.

மாமி விளக்குமாற்றைக் கையில் ஒரு தட்டுத் தட்டி நேராக்கினார்.

“என்ன பாக்கிறீர், சிவசு? நாங்கள் ரெண்டு பேரும் போகேல்லை.”

சொல்லிவிட்டு, குனிந்து மிச்சச் சருகைக் கூட்டத் தொடங்கினார்.